தெளிவெண் தொண்ணூற்று மூன்று

தீர்ப்பின் நாற்பத்தேழாவது பத்தியில் இரண்டு எண்கள் இருந்தன. கணவரின் நினைவுக்குத் தெளிவெண் தொண்ணூற்று மூன்று. மனைவியின் நினைவுக்கு நாற்பத்தொன்று. மீதி நூற்றுச் சொச்சம் பத்திகளும் அந்த இரண்டு எண்களைச் சுற்றி எழுதப்பட்டவைதான்.

ரக்ஷிதா அதைக் குடும்ப நீதிமன்றத்தின் வாகன நிறுத்தத்தில் நின்றபடியே படித்தாள். மனைவி இழைத்த கொடுமையின் பேரில் விவாகரத்து. நான்கு வயது மகள் மகிழா தகப்பனிடம். தாய் மாதம் ஒரு சனிக்கிழமை, நீதிமன்றச் சந்திப்பு அறையில், அதிகாரி ஒருவர் முன்னிலையில் இரண்டு மணி நேரம் பார்க்கலாம். படித்து முடித்ததும் வண்டியில் ஏறவேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. பின்னால் வந்த ஒருவர் வழிவிடச் சொன்ன பிறகுதான் நகர்ந்தாள்.

அவளுக்கு முப்பத்து மூன்று வயது. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஷிப்டு இன்ஜினியர். கணவன் தர்ஷன் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். கல்யாணமாகி ஆறு வருடம். முதல் நான்கு வருடங்கள் சண்டை போட்டார்கள். பிறகு, இரண்டு வருடத்துக்கு முந்தின ஆடி மாதம் ஒரு சாயங்காலம், வீட்டு வாசலில் இருந்த தரைத்தொட்டிக்குள் மகிழா விழுந்தாள். தண்ணீர் லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போய் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. பிள்ளையைத் தர்ஷன்தான் தூக்கினான். நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. பிள்ளை எந்தக் குறையும் இல்லாமல் பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர்கள் சண்டை போடுவதையும் நிறுத்திவிட்டார்கள். தொட்டி மூடியைத் திறந்து போட்டது யார் என்ற ஒரே கேள்வி வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. அதை முதலில் மனுவாக எழுதி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவன் தர்ஷன்.

நினைவுச் சாட்சியச் சட்டம் வந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. நீதிமன்றத்தில் இனி யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லித்தான் அதைக் கொண்டுவந்தார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் தொப்பி. நாற்காலியில் உட்கார வைத்துத் தலையில் ஒன்றைக் கவிழ்ப்பார்கள். அதிகாரி அந்த நாளைச் சொல்லி நினைக்கச் சொல்வார். நாற்பது நிமிடத்தில் பார்த்தது, கேட்டது எல்லாம் எழுத்தாகவும் படமாகவும் வெளியே வந்துவிடும். கூடவே ஒரு எண்ணும் வரும்.

தர்ஷனின் நினைவில் எல்லாம் துல்லியமாக இருந்தது. பச்சை வண்ணம் அடித்த இரும்பு மூடி. அதன் வளையத்தில் ரக்ஷிதாவின் வலது கை. காதில் போன். நீலச் சுடிதார். மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள், திறந்தபடியே விட்டுவிட்டுத் தெருக் கேட்டுப் பக்கம் போகிறாள். ரக்ஷிதாவின் நினைவில் அவள் மூடியைச் சாத்துகிறாள், சத்தம்கூடக் கேட்கிறது. ஆனால் சுடிதார் ஒரு கணம் நீலமாகவும் மறுகணம் மஞ்சளாகவும் இருக்கிறது. நிழல் இரண்டு பக்கமும் விழுகிறது. மகிழா படியிலும் நிற்கிறாள், தாயின் இடுப்பிலும் இருக்கிறாள். 'எதிர்மனுதாரரின் நினைவு தன்னைத்தானே மறுக்கிறது' என்று எழுதியிருந்தார் நீதிபதி. தன் தவறை மறைத்துக் கணவர்மேல் பழி போட்டதே மனக்கொடுமை என்பது அவர் முடிவு.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது. நான்காவது நாள் ரக்ஷிதா வழக்கறிஞர் ஞானசெல்வியைப் போய்ப் பார்த்தாள். அறுபதை நெருங்கும் பெண்மணி, முப்பது வருடமாகக் குடும்ப வழக்குகள் மட்டுமே நடத்துகிறவர். தீர்ப்பு நகலை முழுக்கப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒண்ணு புரிஞ்சுக்கோ. நீ நல்ல அம்மாவா இல்லையான்னு மேல யாரும் கேக்க மாட்டாங்க. கீழ உள்ளவரு எந்த இடத்துல சட்டத்தத் தப்பாப் பிடிச்சாருங்கிறது மட்டும்தான் அங்க கேள்வி. நீ அழுதாலும் அது ரெக்கார்டுல ஏறாது."

இன்னொன்றையும் அவர் சொன்னார். விவாகரத்தையும் சேர்த்தே எதிர்க்க வேண்டும். ரக்ஷிதாவுக்கு அது விளங்கவில்லை. அந்தக் கல்யாணம் தனக்கும்தான் வேண்டாம் என்றாள். கொடுமை என்ற அந்தக் கண்டறிதல் நிற்கிற வரைக்கும் பிள்ளை கிடைக்காது, அது விவாகரத்தோடு பின்னிக் கிடக்கிறது, ஆகையால் வேண்டாத கல்யாணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுத்தான் வேண்டிய பிள்ளையைக் கேட்க முடியும் என்று ஞானசெல்வி விளக்கினார். ரக்ஷிதா கையெழுத்துப் போட்டாள்.

மேல்முறையீட்டுக்கு வலுவான காரணம் ஒன்று தேவைப்பட்டது. அதைத் தேடி இருவரும் பாளையங்கோட்டையில் டாக்டர் பல்கீஸ் வீட்டுக்குப் போனார்கள். தெளிவெண்ணை வகுத்த குழுவில் இருந்தவர் அவர். சட்டம் வந்த வருடமே வேலையை விட்டு வெளியேறியவர்.

"அந்த எண்ணுக்கு நாங்க முதல்ல வச்ச பேரு கைபடாத அளவு" என்றார் டாக்டர். "கமிட்டியில அது ஜனங்களுக்குப் புரியாதுன்னு தெளிவெண்ணுன்னு மாத்திட்டாங்க. பேரு மாறினதுமே அர்த்தமும் மாறிப்போச்சு. ஒரு நினைவை எடுத்துப் பாக்குற ஒவ்வொரு தடவையும் மூளை அதைப் புதுசா எழுதித்தான் திரும்ப வைக்குது. எழுதும்போது கொஞ்சம் கலையும், கொஞ்சம் ஒட்டும். அந்தச் சாயங்காலத்தை நீங்க எத்தனை தடவை நினைச்சுப் பாத்திருப்பீங்க?"

ரக்ஷிதா எண்ணிப் பார்த்தாள். பல் தேய்க்கும்போது நினைத்தாள். ஆலையில் வால்வைத் திருகும்போது நினைத்தாள். எண்ணிக்கை எங்கே இருக்கிறது?

"அவர் ஒரு தடவை பாத்தார், முடிவு பண்ணினார், மூடி வச்சுட்டார். அதனால அது அப்படியே இருக்கு. உங்களுது தேஞ்சு போச்சு. தொண்ணூத்தி மூணுன்னா அவ்வளவுதான் அர்த்தம்."

"அப்போ அவுக நினைவு பொய்யா டாக்டர்?"

"அப்படி நான் சொல்லலை. மெய்யா இருக்கலாம். இல்லைன்னா பிள்ளை தண்ணியில கிடக்குற அந்த நிமிஷத்துல, யாரு பண்ணினதுன்னு அவர் மூளை தேடி, உங்க கையைக் கொண்டுவந்து அங்க வச்சிருக்கலாம். பயத்துல அப்படி நடக்கும். வச்ச பிறகு அது கண்ணால பாத்ததாவே பதிஞ்சிடும். எண்ணைப் பாத்து அதைச் சொல்ல முடியாது."

தன்னுடைய நினைவின் அடியில் உண்மையான முதல் பதிவு இன்னும் இருக்குமா என்று ரக்ஷிதா கேட்டாள். இருக்கும் என்றார் டாக்டர். மேலே படிந்ததையெல்லாம் நீக்கிக்கொண்டே போனால் அதைப் படிக்கலாம். அடிவாசிப்பு என்று பெயர். ஆனால் நீக்கியது திரும்ப வராது. அந்தச் சாயங்காலம் போகும். அதோடு ஒட்டிக் கிடக்கிற அந்த வருடமும் ஏறக்குறைய முழுதாகப் போகும். மகிழாவின் இரண்டு வயது முதல் மூன்று வயது வரை அவளுக்கு நடந்த எதுவும் தாய்க்கு நினைவிருக்காது.

திரும்பி வரும்போது ஞானசெல்வி கண்டிப்பாகச் சொன்னார். அடிவாசிப்பு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. எண்ணின் அர்த்தத்தைக் கீழ்நீதிமன்றம் தவறாகப் பிடித்தது, அது ஒன்று போதும். ரக்ஷிதா சரி என்றாள். ஆனால் அவளுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் சாத்தினேனா? டாக்டரிடம் பேசிய பிறகு அந்த மூடிச் சத்தத்தையும் அவளால் நம்ப முடியவில்லை.

இருபத்தெட்டாவது நாள் மனு தாக்கலானது. இடைக்காலத் தடை கேட்டார்கள், கிடைக்கவில்லை. விசாரணைக்கு ஏழு மாதம் ஆகும் என்றார்கள்.

சந்திப்பு அறையில் பிளாஸ்டிக் யானை ஒன்றும், ஓரம் கிழிந்த படப்புத்தகங்களும் இருந்தன. மூலையில் ஒரு பெண் அதிகாரி மடியில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பாள். நான்காவது சந்திப்பில் மகிழா யானைமேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்டாள்.

"அம்மா, நீதான் மூடியத் தொறந்து போட்டியாமே? அத்தை சொன்னாங்க."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரக்ஷிதா வாயைத் திறந்தாள், அந்த வார்த்தை வரவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தெரியாத ஒன்றைச் சத்தியம்போலச் சொல்ல அவளால் முடியவில்லை. மகிழா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் ஆட ஆரம்பித்தாள். மூலையில் பேனா ஓடியது.

இரண்டே வாரத்தில் அந்தக் குறிப்பு எதிர்த்தரப்பின் கூடுதல் ஆவணமாக மேல்முறையீட்டு மன்றத்தில் தாக்கலானது. 'குழந்தை நேரடியாகக் கேட்டும் தாய் மறுக்கவில்லை.' ஞானசெல்வி போனில் அந்தக் குறிப்பை வாசித்துக் காட்டினார். பிறகு, "ஒரு இல்லைன்னு சொல்றதுக்கு என்னம்மா?" என்று மட்டும் கேட்டார்.

மேல்முறையீட்டை விசாரித்தது இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு. மூத்தவர் பெண். அதிகம் பேசாமல், பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டர் பல்கீஸை நீதிமன்றத்துக்கு உதவும் நிபுணராகக் கேட்க அவர்கள் ஒப்புக்கொண்டதே பாதி வெற்றி என்று ஞானசெல்வி நினைத்தார். டாக்டர் தன் வீட்டில் சொன்னதையே அங்கேயும் சொன்னார். தெளிவாக இருப்பது உண்மையாக இருக்க வேண்டியதில்லை, யோசிக்காமல் விட்டவருக்கு அதிக எண்ணும், யோசித்து யோசித்து வெந்தவருக்குக் குறைந்த எண்ணும் வரும் என்றார்.

தர்ஷன் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் நிமிர்ந்து உட்கார்ந்ததை ரக்ஷிதா பார்த்தாள். பயத்தில் மூளை தானே ஒரு கையைக் கொண்டுவந்து வைக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, அவன் தன் உள்ளங்கைகளைத் தொடைமேல் விரித்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தர்ஷனின் வழக்கறிஞர் அனுபவஸ்தர். நிபுணரோடு அவர் மல்லுக்கட்டவில்லை. முதலில், மனுதாரர் மறுபடி கணவரோடு சேர்ந்து வாழத் தயாரா என்று கேட்டார். ஞானசெல்வி ஆட்சேபித்தார். பிறகு அவர் அந்தச் சந்திப்பு அறைக் குறிப்பை வாசித்தார். கடைசியாக, குரலை உயர்த்தாமல், எண்ணை நம்ப வேண்டாம் என்கிறார்கள், சரி, அப்படியானால் அடிவாசிப்புக்கு இந்த அம்மாள் ஏன் முன்வரவில்லை என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அது தேவையே இல்லை, எங்கள் வாதம் சட்டம் பற்றியது என்று ஞானசெல்வி எழுந்தார். அதற்குள் ரக்ஷிதா எழுந்து நின்றுவிட்டாள்.

"எடுத்துக்கோங்க அம்மா" என்றாள் நீதிபதியைப் பார்த்து.

என்னென்ன போகும் என்று தெரியுமா என்று மூத்த நீதிபதி கேட்டார். தெரியும் என்றாள். யாராவது வற்புறுத்தினார்களா? இல்லை. பிறகு ஏன்?

"எம்புள்ள கேட்டா. எனக்குப் பதில் தெரியல."

நீதிபதி அதே கேள்வியைத் தர்ஷன் பக்கமும் திருப்பினார். தொண்ணூற்று மூன்று இருக்கும்போது தன் கட்சிக்காரருக்கு அதற்கு அவசியமில்லை என்றார் அவன் வழக்கறிஞர். தர்ஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வழக்கறிஞர் அவன் முழங்கையைத் தொட்டார்.

அடிவாசிப்புக்குப் பத்து நாள் அவகாசம் கொடுத்தார்கள். அந்தப் பத்து நாளும் ரக்ஷிதா விடுப்பு எடுத்துக்கொண்டு எழுதினாள். மகிழா முதலில் முழுதாகச் சொன்ன வாக்கியம். முருங்கைக்காயை மெல்லத் தெரியாமல் விழுங்கப் பார்த்தது. கடற்கரையில் நண்டைப் பார்த்துவிட்டு, அது வீட்டுக்குப் போகட்டும் என்று வழிவிட்டு நின்றது. காய்ச்சலில் தர்ஷன் தோளில் தூங்கியது. எழுத எழுத, எழுத்தில் வராதவைதான் அதிகம் என்று தெரிந்தது. பிள்ளையின் தலைமுடி வாசனையை எந்த வார்த்தையால் எழுதுவது? படிக்கும்போது வேறு யாரோ எழுதியதுபோல இருக்கும் என்று டாக்டர் பல்கீஸ் முன்னமே எச்சரித்திருந்தார்.

அப்படித்தான் இருந்தது. நான்கு மணி நேரம் கழித்து நாற்காலியைவிட்டு எழுந்தபோது அவளுக்கு வலி எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து போனில் இருந்த வீடியோக்களைப் பார்த்தாள். ஒரு சின்னப் பெண் நண்டுக்கு வழிவிட்டு நிற்கிறது. அழகான பிள்ளை. யார் வீட்டுப் பிள்ளையோ. ஒரு வயதில் தவழ்ந்த மகிழாவை அவளுக்குத் தெரியும். சந்திப்பு அறையில் யானைமேல் ஆடும் மகிழாவையும் தெரியும். நடுவில் கதவு சாத்தியிருந்தது. அன்றைக்குத்தான் ரக்ஷிதா வாய்விட்டு அழுதாள்.

அறிக்கை அரக்கு முத்திரையிட்ட உறையில் மன்றத்துக்குப் போனது.

ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மூத்த நீதிபதி உறையை மேசைமேல் வைத்துக்கொண்டு வாசித்தார். உறை பிரிக்கப்படவே இல்லை. தெளிவெண்ணை உண்மையின் அளவாகக் கொண்டது சட்டப் பிழை. இரு தரப்பின் நினைவுச் சாட்சியமும் வழக்கிலிருந்து நீக்கப்படுகிறது. கொடுமை என்ற கண்டறிதல் ரத்து. இந்த உறையைப் பிரித்து ஒரு சாயங்காலத்தை வைத்து ஒரு தாயை எடைபோட்டால், கீழ்நீதிமன்றம் செய்த பிழையையே நாமும் செய்தவர்களாவோம். இருவரும் சம்மதித்தால் பரஸ்பர ஒப்புதலின் பேரில் மணமுறிவு. பிள்ளை ஒரு வாரம் தாயிடம், ஒரு வாரம் தகப்பனிடம். உறை பதிவகத்தில் அறுபது நாள் இருக்கும். மேல்முறையீடு செய்த தாய் மட்டும் கேட்டுப் பெறலாம், இல்லையென்றால் அழிக்கப்படும். புதிய உண்மை ஏதும் வெளிப்பட்டால் தொண்ணூறு நாளுக்குள் யாரும் மறுஆய்வு கோரலாம்.

வெளியே வந்ததும் ஞானசெல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெயித்த முகமாக இல்லை. "தொறக்காமலேயே முடிச்சிட்டாங்க. அப்போ எதுக்கும்மா எடுக்க விட்டாங்க" என்றார். ரக்ஷிதாவும் தர்ஷனும் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆலைக் குடியிருப்பு வாசலில் பிள்ளையை மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. முதல் இரண்டு முறை தர்ஷன் வண்டியைவிட்டு இறங்கவில்லை. மூன்றாவது முறை இறங்கினான். ஆள் பாதியாகியிருந்தான். மகிழா ஒவ்வொரு வாரமும் வந்து கதை சொன்னாள். அப்பா குளியலறைக்குப் பூட்டு போட்டிருக்காங்க. அப்பா வாளியில தண்ணி வைக்க மாட்டாங்க. அப்பா என்னைக் குளிப்பாட்ட மாட்டாங்க, அத்தைதான். அப்பா ராத்திரி தூங்க மாட்டாங்க.

ஐந்தாவது மாற்றலில், பிள்ளை உள்ளே ஓடிய பிறகும் அவன் போகவில்லை.

"அந்த உறையப் பாத்தியா?"

இல்லை என்றாள்.

"பாக்கலாம்ல. உனக்குத்தான் உரிமை."

"எதுக்கு? எல்லாம் முடிஞ்சாச்சு."

அவன் வண்டிச் சாவியை விரலில் திருப்பிக்கொண்டே இருந்தான். "அந்த டாக்டர் பேசின அன்னைக்கிலருந்து நான் தினமும் அதையே நெனச்சுப் பாக்குதேன். முன்னாடி அப்படிப் பாத்ததே இல்ல. இப்பம் மூடியில உன் கை தெரியல. ஒருநாள் உன் கை, ஒருநாள் யாரு கையும் இல்ல. போன வாரம் என் கை தெரிஞ்சுது. தொட்டிக்கு அடியில மோட்டார் குழாயோட ஃபுட்வால்வு பாக்க நான்தான் தொறந்தேனோ என்னவோ. நான் தொறந்து போட்டுட்டு உன்மேல கேஸ் போட்டேனா?"

அவன் போன பிறகும் அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வருடத்துக்கு முன்னால் அவனுக்கு இப்படியெல்லாம் நடக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதுண்டு. இப்போது அது சந்தோஷமாக இல்லை. இந்த ஆளிடம்தான் வாரம் விட்டு வாரம் தன் பிள்ளை இருக்கிறது.

உறையைக் கேட்டுப் பெறலாமா என்று ஞானசெல்வியிடம் விசாரித்தாள். அவர் பதறிப்போனார். ஜெயித்ததைத் தொடாதே என்றார். அதில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொண்ட பிறகு தெரியாததுபோல நடிக்க உன்னால் முடியாது, அவன் மறுஆய்வுக்குப் போனால் சத்தியம் செய்து உண்மையைச் சொல்ல வேண்டிவரும், பிள்ளை மறுபடியும் அந்த அறைக்குப் போய்விடும் என்றார். ஒவ்வொன்றும் சரிதான். ஐம்பத்தெட்டாவது நாள் ரக்ஷிதா பதிவகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு உறையை வாங்கினாள்.

அங்கேயே, பதிவக வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தாள். ஒன்பது பக்கம். தெளிவெண் என்று எதுவும் போடவில்லை. தன் கண் வழியாகப் பார்த்ததை, வேறு ஒரு பெண்ணுக்கு நடந்ததைப்போலப் படித்தாள். லாரி போகிறது. நீலச் சுடிதார். தொட்டி முழுக்க நிரம்பிவிட்டதா என்று பார்க்க மூடியை வளையம் பிடித்துத் தூக்குகிறாள். போன் அடிக்கிறது. ஆலையில் குளோரின் கசிவு எச்சரிக்கை. சிக்னல் சரியில்லை. பேசிக்கொண்டே கேட்டுப் பக்கம் நடக்கிறாள். மூடி திறந்தே கிடக்கிறது. மூடுகிற சத்தம் எங்கேயும் இல்லை. அது பிறகு, எத்தனையாவது தடவையிலோ, அவள் ஆசையால் வந்து ஒட்டிக்கொண்ட சத்தம்.

தர்ஷனின் தொண்ணூற்று மூன்று ஒவ்வொரு வரியிலும் சரியாக இருந்தது.

அவள் நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். யாரோ பெஞ்சைத் துடைக்க வேண்டும் என்று சொன்னபோது எழுந்தாள். தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. தர்ஷன் தன் கையையே பார்த்துக்கொண்டு மிச்ச வருடங்களை ஓட்டிவிடுவான். சட்டத்தில் அவளுக்கு நியாயம் கிடைத்தது உண்மை. அந்த நியாயத்தைப் பெற்றுத் தந்த வாதம், மெய்யான ஒரு நினைவை ஒருவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டது என்பதும் உண்மை. அதைத் திருப்பிக் கொடுக்க முடிந்த ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

புதன்கிழமை மதிய உணவு இடைவேளையில் அவன் பள்ளிக்குப் போனாள். இயற்பியல் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து, டிபன் டப்பாவைத் திறக்காமல் வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் பிள்ளைக்கு என்ன என்றுதான் முதலில் கேட்டான். ஒன்றும் இல்லை, நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மூடியத் தொறந்தது நான்தான். ஆலையிலருந்து போன் வந்துச்சு. பேசிக்கிட்டே கேட்டுகிட்ட போயிட்டேன், மூடல. நீங்க பாத்தது அப்படியே நடந்தது."

அவன் டிபன் டப்பாவைத் தள்ளி வைத்தான்.

"மறுஆய்வுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கு. நீங்க போகலாம். கேட்டா நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள். அவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். முகம் என்னவோபோல் ஆயிற்று. தணிந்த குரலில் கேட்டான்.

"அப்போ, நான் குதிச்சேனா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"நிசமாத்தான் கேக்குதேன். இப்பம் நெனச்சா நான் மேலேயே நிக்குற மாதிரி வருது. தண்ணிக்குள்ள வேற யாரோ இறங்குற மாதிரி. புள்ளயத் தூக்கினது நான்தானா?"

"நீங்கதான். செருப்பைக்கூடக் கழத்தல. ரெண்டு தடவ முங்கிப் பாத்துட்டு வெறுங்கையோட வந்தீங்க. மூணாவது தடவ எடுத்துட்டீங்க. நான் ஓடி வாரதுக்குள்ள புள்ள உங்க தோள்ல கெடந்தா, நீங்க முதுகுல தட்டிக்கிட்டிருந்தீங்க. நான் பாத்திருக்கேன். எழுதியிருக்கு."

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. வராந்தாவில் பிள்ளைகள் கைகழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, மணி அடிக்கும் வரை அங்கேயே இருந்தாள்.

இருபத்தாறு நாளும் அவள் தபாலுக்குப் பயந்துகொண்டிருந்தாள். ஆலைக்குப் பழுப்பு உறை எது வந்தாலும் முதலில் அனுப்பியவர் முகவரியைப் பார்த்தாள். நோட்டீஸ் வரவில்லை. இடையில் வந்த நான்கு சனிக்கிழமைகளிலும் தர்ஷன் பிள்ளையை இறக்கிவிட்டான், அழைத்துப்போனான், வேறு பேச்சு இல்லை. மகிழா மட்டும், அப்பா குளியலறைப் பூட்டைக் கழற்றிவிட்டதாகச் சொன்னாள்.

கெடு முடிந்த பிறகு வந்த இரண்டாவது சனிக்கிழமை அவன் வண்டியை நிறுத்தி இறங்கினான். மகிழாவின் பையை அவளிடம் கொடுத்தான்.

"ஸ்டேடியத்துல நீச்சல் வகுப்பு சேக்குதாங்க. செவ்வாயும் வெள்ளியும். உன் வாரத்துல வந்தா நீ கூட்டிட்டுப் போவியா?"

"போவேன்."

"கரையிலேயே நிக்கணும். ரெண்டு மணி நேரம்."

"நிப்பேன்" என்றாள் ரக்ஷிதா. "போனை வீட்டுலயே வச்சிட்டுப் போறேன்."

அவன் தலையசைத்துவிட்டு, விண்ணப்பத் தாளை நீட்டினான். பெற்றோர் கையெழுத்துக்கு இரண்டு கோடு இருந்தது. ஒன்றில் அவன் ஏற்கெனவே போட்டிருந்தான்.